காவலருக்கும் ஓய்வு வேண்டும்!



கார்த்திகை தீபம் வந்தால் திருவண்ணாமலையில் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காவலர்கள் குவிக்கப்படுகிறார்கள். பல மாவட்டங்களிலிருந்தும் வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவு பகலாக நிற்கிறார்கள். அது முடிந்தால் மாதந்தோறும் பௌர்ணமி பந்தோபஸ்து. வேளைக்குச் சாப்பாடு இல்லை, உறக்கம் இல்லை. ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிக்கவே அஞ்சும் பெண் காவலர்களும் உண்டு.

"இதில் நமக்கென்ன?" என்று நம் இளைஞர்கள் கேட்கக்கூடும். 1997 நவம்பரில் கோவையில் நடந்ததைச் சமுதாயம் மறக்கவில்லை. ஆயினும், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது திருமறையின் கட்டளை.

கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பளிக்கக் கூடாது என்று பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். தெருவில் நிற்கும் இளைஞனுக்கும் கடைக்காரருக்கும் முதல் தீர்ப்பைச் சொல்பவர் காவலர்தான். இரண்டு நாள் உறங்காதவர் கையில் லத்தி இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, காவலருக்கும் குடும்பத்தாருக்கும் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தமிழக அரசு 2018-இல் தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அதன் பிறகுதான் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டு மாண்டார்கள். 2023 ஜூலையில் கோவைச் சரக டி.ஐ.ஜி. விஜயகுமார் தன்னையே சுட்டுக்கொண்டார். வகுப்பு மட்டும் போதாது என்பதை இவ்விரண்டுமே காட்டவில்லையா?

வாரம் ஒரு நாள் விடுப்பு என்று 2021-இல் ஆணை பிறந்தது. ஆள் பற்றாக்குறையைச் சொல்லி அதை மறுக்கக் கூடாது. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள்! பந்தோபஸ்துக்கு முறைவைத்து ஆளை மாற்றுங்கள்! பெண் காவலர்களுக்கு நடமாடும் கழிப்பிடம் கொடுங்கள்! அதே நேரத்தில், களைப்பு கொடுமைக்குச் சாக்காகாது. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு முழுமையாக நடக்கட்டும். ஓய்வும் வேண்டும், கணக்குக் கேட்பதும் வேண்டும்.

வணிகப் பெருமக்களே! உங்கள் கடை வாசலில் நிற்கும் காவலருக்குத் தண்ணீர் கொடுங்கள், கழிப்பிடத்தைத் திறந்துவிடுங்கள். காரியம் சாதிக்கும் கையூட்டாக அல்ல, மனிதருக்கு மனிதர் செய்யும் கடமையாக! கூலி இறைவனிடத்தில் உண்டு, இன்ஷா அல்லாஹ்.