படிக்க இயலாத பத்திரத்தில் ஒரு கைச்சாத்து

படித்துப் பாராத பத்திரத்திற் கைச்சாத்திடாதே என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லாத பெற்றோர் நம்மிடையே இல்லை. காணி உறுதியாயினும், ஈட்டுப் பத்திரமாயினும், பிணைக் கடிதமாயினும், நொத்தாரிசு வாசித்துக் காட்டிய பின்னரே பெருவிரலை மையில் தோய்க்க வேண்டும் என்பது எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்த நியாயம். ஆனால், பத்திரம் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தும், கடன் கேட்டு வந்தவர் எழுத்தறிவுடையவராயிருந்தும், பத்திரத்தின் மொழி மாத்திரம் அவருடைய மொழியாக இல்லாவிடின் என் செய்வது? அவர் கண்ணொளியோ, கால்வலுவோ, செவிப்புலனோ குறைந்தவராகவும் இருந்துவிட்டால்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாவின் இரு பாதிகளும் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் அலசப்பட்டு வருகின்றன. ஆயினும் அவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோர் குறைவு. இவ்வாரம் நாம் அதனைச் செய்து பார்ப்போம்.

முதலிற் கடன் யாது என்பதை அறிதல் வேண்டும். முன்னாளில் அங்கவீனர் என்றழைத்தோம். இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கின்றோம். பெயர் மாறிய வேகத்திற் படிக்கட்டுகள் மாறவில்லை என்பது வேறு கதை. இவர்களுக்கு வேண்டிய கருவிகளின் விலை மிக அதிகம். சக்கர நாற்காலியோடு ஏறத்தக்கதாய் மாற்றியமைக்கப்பட்ட வாகனமொன்று பல பத்தாயிரம் டொலர் பெறும். வாயிலிற் சாய்தளம் அமைப்பதும், குளியலறையைத் திருத்துவதும், செவிப்புலன் கருவி வாங்குவதும் சாதாரண குடும்பத்துக்கு எளிதன்று. இதனை உணர்ந்து 1988 இல் ஒரு சட்டமும், அதன் இடத்தில் 1998 இல் வேறொரு சட்டமும் அமெரிக்கக் காங்கிரசில் நிறைவேறின. அவற்றின்கீழ்ச் சமஷ்டி அரசாங்கத்தின் பணம் மாநிலங்களுக்குச் சென்றது. கருவிகளைச் சில வாரங்களுக்குக் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் செய்யும் நிலையங்கள் தோன்றின. பல மாநிலங்களிற் குறைந்த வட்டிக்குக் கடன் வழங்கும் நிதியங்களும் எழுந்தன. சிலவிடங்களில் நிதியம் வங்கிக்குப் பிணை நிற்கும். சிலவிடங்களில் வட்டியின் ஒரு பகுதியைத் தானே ஏற்கும்.

சேமித்து வாங்கலாமே, கடன் எதற்கு என்று சிக்கனமான குடும்பத்தலைவியர் வினவக்கூடும். அங்கேதான் சிக்கல் இருக்கின்றது. வறிய மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் உதவிப்பணம் தரும் சமஷ்டித் திட்டமொன்று 1974 முதல் நடைமுறையில் உள்ளது. அதனைப் பெறும் தனியொருவரின் கையிருப்பு 2,000 டொலருக்கு மேற்படுதல் கூடாது. இந்த எல்லை 1989 இல் இடப்பட்டது. அதன் பின்னர் விலைவாசி எத்தனை மடங்கு ஏறியும் அஃது ஏறவில்லை. 2014 இல் இயற்றப்பட்ட சட்டமொன்று இளமையிலேயே குறையுற்றோருக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள இடமளித்தது. அதில் 100,000 டொலர் வரை கையிருப்பாகக் கணிக்கப்படாது. ஆயினும் அவ்வாய்ப்பு எல்லோருக்கும் உரியதன்று. ஆகவே பலருக்குச் சேமிப்பதே தண்டனைக்குரிய செயல் போலாகி, கடனே வழியாகின்றது.

அக்கடனிலும் ஒரு நுட்பம் உண்டு. கடனாகப் பெற்ற பணம் வருமானமாகக் கொள்ளப்படாது. ஆனால் பெற்ற மாதத்துக்குள் அது செலவாகாமல் அடுத்த மாதத்துக்கு மிஞ்சினால், மிஞ்சியது கையிருப்பிற் சேர்ந்துவிடும். எல்லையை மீறினால் உதவிப்பணம் நின்றுபோகும். சக்கர நாற்காலிக்கென்று பெற்ற கடன், விற்பனையாளர் பொருளை அனுப்பத் தாமதித்த காரணத்தால், அரிசிக்குரிய பணத்தை விழுங்கிவிடக்கூடும். இதனைக் கடன் கேட்பவர் தாமே விளங்கிக்கொள்ள வேண்டும். எந்த மொழியில் விளங்கிக்கொள்வது?

அமெரிக்காவில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 2 கோடி 50 இலட்சம் பேர் ஆங்கிலத்தை நன்றாகப் பேசமாட்டாதவர்கள். ஸ்பானிய மொழியாளர் அவருட் பெரும்பான்மையினர். சீனர், வியட்நாமியர், கொரியர் முதலியோரும் உளர். அவர்களுக்கு ஆதாரமாயிருப்பது 1964 யூலை 2 ஆம் திகதி சனாதிபதி ஜோன்சன் ஒப்பமிட்ட குடியியல் உரிமைச் சட்டத்தின் ஆறாம் அத்தியாயம். சமஷ்டிப் பணம் பெறும் எந்தத் திட்டத்திலும், இனம், நிறம், பிறப்பு நாடு காரணமாக ஒருவரை ஒதுக்கலாகாது என்பது அதன் சாரம். மொழி என்னும் சொல் அங்கே இல்லை. இல்லாத சொல்லை உள்ளதாக்கியவர்கள் சான் பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகள்.

ஆசிரியத் தொழில் செய்யும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது. அந்நகரப் பாடசாலைகளில் ஆங்கிலம் அறியாத சீன மாணவர் 2,800 பேருக்கு மேல் இருந்தனர். அவருள் ஏறத்தாழ 1,000 பேருக்கே தனிப் பயிற்சி கிடைத்தது. மற்றையோர், ஒரு சொல்லும் விளங்காத வகுப்பிலே நாளெல்லாம் அமர்ந்திருந்தனர். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே மேசை கொடுத்திருக்கின்றோம். இதில் என்ன பாரபட்சம் என்றது நிர்வாகம். 1974 சனவரியில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. விளங்காதவனுக்கும் விளங்குபவனுக்கும் ஒன்றையே கொடுப்பது சமத்துவம் ஆகாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும் இந்நியாயம் கடன் விண்ணப்பத்துக்கும் பொருந்துமன்றோ? 1956 ஐயும் அதன் பின்வந்த ஆண்டுகளையும் கண்ட நம் வாசகர்க்கு, கந்தோரிலிருந்து வரும் விளங்காத கடிதம் எத்தகையது என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

2000 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆம் திகதி சனாதிபதி கிளின்டன் பிறப்பித்த 13166 ஆம் இலக்கக் கட்டளை இந்நியாயத்துக்கு உருவம் கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 2002 இல் நீதித் திணைக்களம் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. அம்மொழியாளர் எத்தனை பேர், அவர்கள் எத்துணை அடிக்கடி வருகின்றனர், அவர்கள் தேடிவரும் காரியம் எத்துணை முக்கியமானது, நிறுவனத்தின் வசதி எவ்வளவு என்பவற்றை எடைபோட்டு உதவியைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் முறை. சேவைக்குரிய மக்களில் நூற்றுக்கு ஐவர் அல்லது ஆயிரம் பேர், இவற்றுட் குறைந்த தொகையினர் ஒரு மொழி பேசுவாராயின், முக்கிய பத்திரங்களை அம்மொழியில் எழுதிக்கொடுப்பது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு என்றும் கூறப்பட்டது. மற்றொரு விதியை நாம் மிகவும் மெச்சுகின்றோம்: உறவினரை, சிறப்பாகச் சிறு பிள்ளைகளை, உரைபெயர்ப்பாளராக வைத்துக் காரியத்தை முடிக்க எண்ணலாகாது என்பதே அது.

பத்து வயதுச் சிறுமி, தாயின் நோயையும் தந்தையின் கடன் பாக்கியையும் உத்தியோகத்தருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் காட்சி குடியேறிய குடும்பங்களிற் சாதாரணம். பிள்ளை கெட்டிக்காரி என்று அயலார் புகழ்வர். ஆனால் வட்டி வீதத்தையும், தவணை தவறினால் நேர்வதையும் அப்பிள்ளை எங்ஙனம் அறியும்? அறிந்தாலும், தந்தையின் முகம் வாடும் என்று அஞ்சிச் சிலவற்றை விழுங்கிவிடாதா? பெற்றோர் தம் கௌரவத்தைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கும்படி எந்தக் கந்தோரும் செய்தல் தகாது.

இனி, மாற்றுத்திறனாளிகளுக்குரிய சட்டம். 1973 இல் நிறைவேறிய புனர்வாழ்வுச் சட்டத்தின் 504 ஆம் பிரிவு, சமஷ்டிப் பணம் பெறும் திட்டங்களில் உடற்குறை காரணமாக ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கின்றது. சட்டம் பிறந்தும் அதற்குரிய ஒழுங்குவிதிகள் நான்கு ஆண்டுகளாகப் பிறக்கவில்லை. 1977 ஏப்ரலில் நூற்றுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள சமஷ்டிக் கட்டடமொன்றினுட் புகுந்து, ஏறத்தாழ நான்கு வாரம் அங்கேயே தங்கினர். தலைமை தாங்கியவருள் ஒருவர் ஜூடித் ஹியூமன். இளம்பிள்ளை வாதத்தால் நடை இழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தமையால் நியூயோர்க் நகரம் ஆசிரியர் அனுமதிப்பத்திரம் மறுக்க, 1970 இல் வழக்காடி வென்று ஆசிரியையானவர். கட்டடத்தின் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் யன்னலருகே நின்று சைகைமொழியால் வெளியிலிருந்தோருடன் பேசினர். பேசத் தெரியாதவர் என்று உலகம் எண்ணியவரே அன்று எல்லோருக்கும் தூதுவராயினர்! ஏப்ரல் 28 ஆம் திகதி அமைச்சர் கலிஃபானோ விதிகளில் ஒப்பமிட்டார்.

ஆக, ஒரு கடன் நிதியத்தின் வாயிலில் இரண்டு சட்டங்கள் காவல் நிற்கின்றன. பார்வையற்றவருக்குப் பிறெயில் எழுத்திற் பத்திரம் தருக என்கின்றது ஒன்று. ஆங்கிலம் அறியாதவருக்கு அவர் மொழியில் விளக்குக என்கின்றது மற்றொன்று. ஆனால் ஸ்பானிய மொழி மட்டும் அறிந்த பார்வையற்றவர் வந்தால், ஆங்கிலப் பிறெயிலைக் கையிற் கொடுத்துக் கடமை முடிந்ததென்று எண்ணும் உத்தியோகத்தரும் இருக்கக்கூடும். மெக்சிக்கோவிலிருந்து வந்த செவிப்புலனற்றவருக்கு அமெரிக்கச் சைகைமொழி வல்லுநரை அழைத்து வந்தால், அவர் விழித்து நிற்பார். ஏனெனில் மெக்சிக்கோவின் சைகைமொழி வேறு. ஒரே மனிதரின் இரு தேவைகளை இரண்டு கோவைகளில் இட்டுவைப்பதால் வரும் கோளாறு இது.

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் போதாது. கருவியைச் சில நாள் கொடுத்து வாங்குவதையும், பணத்தை வட்டிக்குக் கொடுப்பதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் வழங்குவர். நமக்கோ முன்னது இரவல், பின்னது கடன். இரவல் பெறச் சென்றவரிடம் கடன் பத்திரத்தை நீட்டினாற் பயந்து திரும்புவார். கடன் பெற்றவர் அதனை இரவலென்று எண்ணினால் நிலைமை அதனினும் மோசம். மொழிபெயர்ப்பாளர் நிகண்டை மட்டும் அன்றி நிதியத்தின் நடைமுறையையும் அறிந்தவராதல் வேண்டும்.

கடன் மறுக்கப்பட்டாற் காரணம் அறியும் உரிமையும் அங்கே உண்டு. சமவாய்ப்புக் கடன் சட்டம் 1974 இல் வந்தது. 1976 இற் செய்த திருத்தத்தால், ஒருவரின் வருமானம் அரசாங்க உதவிப்பணம் என்பதற்காகவே கடன் மறுத்தல் குற்றமாயிற்று. அச்சட்டத்தின் தடைப்பட்டியலில் உடற்குறை இடம்பெறவில்லை என்பது நமக்கு வியப்பளிக்கின்றது. அதற்கு 504 ஆம் பிரிவையும் 1990 இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தையுமே நாட வேண்டும். நிதியம் சிறு தொகையே பெற்றது என்று தட்டிக்கழிக்கவும் இயலாது. சனாதிபதி றேகன் தடுத்தும் 1988 மார்ச்சிற் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமொன்று, ஒரு பகுதி பணம் பெற்றாலும் நிறுவனம் முழுவதும் கட்டுப்படும் எனத் தெளிவாக்கியது.

எனினும் காவல் தளர்ந்து வருகின்றது. அலபாமா மாநிலம் சாரதி அனுமதிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தியது பற்றிய வழக்கில், 2001 இல் உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வராகப் பிரிந்து தீர்ப்பளித்தது. வேண்டுமென்றே செய்த பாரபட்சமாயின் தனிமனிதர் வழக்காடலாம். பொதுவான விதியொன்றின் விளைவாகத் தாம் பாதிக்கப்பட்டதாகக் கூறி வழக்காட முடியாது என்பது அத்தீர்ப்பு. ஆங்கிலப் பத்திரத்தை மட்டும் நீட்டும் நிதியம், யாரையும் வெறுத்து அவ்வாறு செய்யவில்லை என்று எளிதிற் கூறிவிடும். 2025 மார்ச் 1 ஆம் திகதி சனாதிபதி டிரம்ப் ஆங்கிலத்தை அரச மொழியெனக் கட்டளையிட்டு, கிளின்டனின் கட்டளையை நீக்கினார். அதன்கீழ் எழுந்த வழிகாட்டிகளை விலக்குமாறும் பணித்தார். பிறமொழிச் சேவைகளை நிறுத்தும்படி அக்கட்டளை எவரையும் வற்புறுத்தவில்லை. நடத்துவதும் விடுவதும் தலைமை உத்தியோகத்தரின் விருப்பமாயிற்று. 1964 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. சீனப் பிள்ளைகளின் தீர்ப்பும் ஏட்டில் இருக்கின்றது. ஆனால் விருப்பத்தில் நடப்பது செலவு சுருக்கும் காலத்தில் முதலில் நிற்கும் என்பதை எந்தக் கந்தோரிலும் வேலை பார்த்தவர் அறிவார்.

அமெரிக்க அலுவலகங்கள் சிலவற்றில் வரவேற்பு மேசைமீது ஓர் அட்டை இருப்பதுண்டு. பல மொழிகளில், அவ்வவற்றின் எழுத்திலேயே, நான் இம்மொழி பேசுவேன் என்னும் வரி அதில் அச்சிடப்பட்டிருக்கும். வந்தவர் பேசாமலே தம் வரியின்மீது விரலை வைப்பார். உத்தியோகத்தர் தொலைபேசியில் உரைபெயர்ப்பாளரை அழைப்பார். விலையுயர்ந்த ஏற்பாடன்று. அந்த அட்டையை மேசையில் விட்டுவைப்பதா, இழுப்பறைக்குட் போடுவதா என்பதை இப்பொழுது மேசைக்குப் பின்னால் இருப்பவரே முடிவுசெய்கின்றார்.