பகலில் எரியும் விளக்கு

சம்பூரில் பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு போனால், எதிரே வருகிறவர் விரல்களை விரித்து மடக்கி "லைட் எரியுது" என்று காட்டுவார். நல்ல மனம்தான். ஆனாலும் அணைக்காமல் போவதே நல்லது என்பேன். மோட்டார் சைக்கிளில் மோதியவர் வழக்கமாகச் சொல்வது, "நான் காணேல்லை." அது பெரும்பாலும் பொய்யல்ல. மோட்டார் சைக்கிள் விபத்துகள் பற்றி 1981இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் ஆய்வறிக்கையும் அதையே சொன்னது. முன்னிருந்து பார்த்தால் மோட்டார் சைக்கிள் ஒடுங்கிய உருவம். அதன் தூரத்தையும் வேகத்தையும் கண் பிழையாகக் கணிக்கும். மலேசியா 1992இலேயே பகல் விளக்கைக் கட்டாயமாக்கிவிட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரலிலிருந்து புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சினோடு விளக்கும் சேர்ந்தே எரிகிறது. நம் வண்டிகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். பழக்கம் மட்டும் கூட வரவில்லை. இரவில் கதை வேறு. மூதூரிலிருந்து வரும் வீதியில் மாடு படுத்திருக்கும், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டி திடீரென முளைக்கும். நாமும் பின்னால் வருகிறவருக்கு அப்படித்தான். ஹெல்மெட்டின் பின்புறத்திலும் முதுகிலும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்ட அதிகம் செலவாகாது. கறுப்பு ஜாக்கெட்டைக் கழற்று என்றால்தான் பொடியன்மாருக்குக் கோபம் வருகிறது.