புறநோயாளர் சிகிச்சையும் சமவாய்ப்பும்

காசநோயாளியைச் சானடோரியத்தில் தங்கவைத்தே குணப்படுத்த இயலும் என்னும் கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. அதனை மாற்றியது சென்னையில் 1956-ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியாகும். நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வசித்தவாறே மருந்து உட்கொள்வோரும், சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைவர் என்பதை 1959-ல் வெளியான அதன் முடிவுகள் மெய்ப்பித்தன.

இவ்வாறு வழி பிறந்தது. எனினும் அவ்வழி எல்லோருக்கும் எட்டவில்லை. 1959-ல் பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசியக் காசநோய் நிலையத்தினர் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் விசாரணை நடத்தி, 1963-ல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். நோயுற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தாமாகவே வைத்தியசாலையை நாடியிருந்தனர். பெரும்பாலும் இருமல் மருந்துடன் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். ஏழைகள் அறியாமையால் சிகிச்சைக்கு வருவதில்லை என்னும் கூற்று இதனால் பொய்த்தது. குறை, வந்தவரிடம் இல்லை; அவரை வரவேற்ற முறையில் இருந்தது.

செல்வ நாடுகளும் இதற்கு விலக்கல்ல. கோவிட் நோய்க்கு வீட்டிலிருந்தே உட்கொள்ளத்தக்க பாக்ஸ்லோவிட் மாத்திரையை அமெரிக்க அரசாங்கம் 2022-ல் விலையின்றி வழங்கியது. ஆயினும் கறுப்பினத்தாரும் ஹிஸ்பானிய வம்சாவளியினரும் வெள்ளையரைவிடக் குறைந்த விகிதத்திலேயே அதைப் பெற்றனர். இலவசமாக்குவது முதற்படியே அன்றி முடிவன்று.

பெங்களூரில் 2023 முதல் ‘நம்ம கிளினிக்’ என்னும் இலவச நிலையங்கள் வட்டாரந்தோறும் திறக்கப்பட்டு வருகின்றன. 2018-ல் தொடங்கிய தேசியக் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே குடும்பத்திற்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கிறது. புறநோயாளரின் அன்றாட மருந்துச் செலவு அதில் அடங்காது. எனவே இத்தகைய நிலையங்களே ஏழையின் ஊன்றுகோல். ஆனால், பெரும்பாலும் பட்டியல் சாதியினரான தூய்மைப் பணியாளர்கள் விடியற்காலையிலேயே வேலைக்குச் செல்கின்றனர். கட்டட வேலைக்கு வந்த வெளியூரார் பகலில் வரிசையில் நின்றால் அன்றைய கூலியை இழக்கின்றனர்.

மொழியும் ஒரு தடையே. தமிழ்ப் பெண் ஒருத்தி ‘மயக்கம்’ என்றால், அது தலைச்சுற்றலையும் குறிக்கும், நினைவிழத்தலையும் குறிக்கும். கன்னடமோ தெலுங்கோ மட்டும் அறிந்த மருத்துவர் இவ்வேறுபாட்டை அறியாவிடில் சிகிச்சையே திசைமாறக்கூடும்.

ஆகவே, மாலை நேர சிகிச்சையை நிலையான ஏற்பாடாக்குதல் வேண்டும். வட்டார மொழிகளை அறிந்த ஊழியர் ஒருவரேனும் ஒவ்வொரு நிலையத்திலும் இருத்தல் வேண்டும். வந்தோர் தொகையைக் குறிப்பதோடு நில்லாமல், எந்தத் தெருவினர் வரவில்லை, யார் சிகிச்சையை இடையில் நிறுத்தினர் என்பதையும் கள ஊழியர்கள் பதிவு செய்தல் நலம். பள்ளிக்கு வாராத குழந்தையின் வீட்டில் நோயுற்றவர் உளரா என்பதை ஆசிரியர் எளிதில் அறிவார். அச்செய்தி நிலையத்தை எட்டினால் பெரும்பயன் விளையும். அனைவர்க்கும் ஒரே வாயிலைத் திறந்து வைப்பது மட்டும் சமத்துவம் ஆகாது. அனைவரும் அதனுள் புகுந்து குணம்பெற்று மீள்வதே சமத்துவம்.