பேட் பிரெயின்ஸ்: கொண்டாடுவோம், கணக்கும் கேட்போம்

சென்ற மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தின் இசை மாலையில் ஒரு பாட்டுகூட ஒலிக்கவில்லை. இரண்டு மணி நேரமும் வாக்குவாதத்திலேயே போயிற்று. பேட் பிரெயின்ஸ் குழுவின் ஆல்பத்தைப் போடலாமா கூடாதா என்பதுதான் சண்டை. "ஹார்ட்கோர் பங்க் இசையை உருவாக்கிய கறுப்பினத் தோழர்கள், நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?" என்றது ஒரு தரப்பு. திருநங்கைத் தோழர் ஒருவர் அமைதியாகச் சொன்னார்: "நீங்க கேளுங்க. நான் வெளியில நிக்கிறேன்." அதற்குப் பிறகு யாரும் ஸ்பீக்கரைத் தொடவில்லை. அன்று பேசியதையும் பேச விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில், இவர்கள் யார்? 1970களின் வாஷிங்டன் நகரம். மக்கள்தொகையில் பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். அந்த வட்டாரத்தில் ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்பின இளைஞர்கள் பங்க் இசையைக் கேட்டு, அதை யாரும் வாசித்திராத வேகத்தில் வாசித்தார்கள். டாக்டர் நோ கிட்டார், டேரில் ஜெனிஃபர் பேஸ், ஹெச்.ஆர். குரல், அவர் தம்பி எர்ல் ஹட்சன் டிரம்ஸ். 1980இல் வந்த முதல் இசைத்தட்டின் பாடல் ஒன்றரை நிமிடம்தான். வேகம் என்றால் வெறும் சத்தம் என்று நினைக்க வேண்டாம். ஜாஸ் பயிற்சி உள்ள கைகள் அவை. நொடிக்கு நொடி தாளம் மாறினாலும் நால்வரும் ஒன்றாகவே திரும்புவார்கள். பாப் மார்லியின் தாக்கத்தில் ரஸ்தாஃபாரி நெறிக்கு வந்த பிறகு, இந்த வேகத்துக்கு நடுவே ரெக்கே பாடல்களும் சேர்ந்தன.

சொந்த ஊரில் மேடை கிடைப்பது கடினமானபோது அதையே பாட்டாக்கினார்கள். பிறகு நியூயார்க் போனார்கள். 1982இல் முதல் ஆல்பம் கேசட்டாக மட்டும் வந்தது. அட்டையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை மின்னல் பிளக்கிறது. அவர்களைப் பார்த்துத்தான் வாஷிங்டனின் வெள்ளை இளைஞர்கள் பலர் வாசிக்கக் கற்றார்கள். மைனர் திரெட் குழுவின் இயன் மெக்கேயும் ஹென்றி ராலின்ஸும் இதை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் ஹார்ட்கோர் என்றதும் இன்றைக்கும் மொட்டையடித்த வெள்ளைப் பையன்தானே நினைவுக்கு வருகிறான்? உருவாக்கியவர் ஒருவர், முகமாக நிற்பவர் இன்னொருவர். பறையும் கானாவும் பட்டதைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி அவர்களின் திரும்புதலுக்கு வருவோம். பலமுறை உடைந்து, பாடகர் போய், வந்து, மீண்டும் போய், கடைசியில் பழைய நால்வரும் சேர்ந்து 2007இல் 'பில்ட் எ நேஷன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். தயாரித்தவர் பீஸ்டி பாய்ஸின் ஆடம் யாக். அந்தக் குழுவே தொடக்கத்தில் பேட் பிரெயின்ஸைப் பார்த்து வளர்ந்த ஹார்ட்கோர் குழுதான். யாக் 2012 மே மாதம் புற்றுநோயில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த 'இன்டு தி ஃப்யூச்சர்' ஆல்பத்தில் அவர் நினைவாக ஒரு டப் பாடல் இருக்கிறது. இந்த இரண்டு ஆல்பங்களிலும் ஹெச்.ஆர். பழையபடி அலறவில்லை. கிட்டார் கொதிக்கும்போது அவர் குரல் எங்கோ தள்ளி நின்று நிதானமாகப் பாடுகிறது. பழைய ரசிகர்கள் பலருக்கு ஏமாற்றம். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர் இருபது வயதுக் கோபத்தை நடித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒருவகைச் சுரண்டல்தான்.

உடலும் இடம் கொடுக்கவில்லை. 2015இல் டாக்டர் நோ மாரடைப்பால் மரணத்தின் விளிம்புவரை போய்த் திரும்பினார். ஹெச்.ஆருக்குத் தாங்க முடியாத தலைவலி நோய். 2017இல் மூளை அறுவை சிகிச்சை நடந்தது. செலவுக்கு ரசிகர்களிடம் இணையத்தில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. ஒரு இசை வகையையே உருவாக்கியவர்களின் நிலை இது. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்துக்கு 2016இல் பரிந்துரைக்கப்பட்டு, தேர்வாகவில்லை. எங்களைக் கேட்டால் மண்டபத்தை விடப் பெரிய செய்தி 2021இல் நடந்தது: தங்கள் பழைய பதிவுகளின் உரிமையை மீட்டு, சொந்த லேபிளில் மறுவெளியீடு செய்யத் தொடங்கினார்கள். கலைஞனுக்கு மாலை போடுவது எளிது. மாஸ்டர் டேப் யார் கையில் என்று கேட்பதுதான் அரசியல். (அவர்கள் பெரிதும் முழங்கிய 'நேர்மறை மனப்பான்மை' என்ற முழக்கம் பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்லித்தரும் நெப்போலியன் ஹில் புத்தகத்திலிருந்து வந்தது. கள வேலையில் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எங்களுக்குச் சிரிப்புதான் வருகிறது.)

இப்போது அந்தத் தோழர் வெளியில் நிற்பேன் என்றதற்கான காரணம். 1982இல் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில், பிக் பாய்ஸ் குழுவின் பாடகர் தன்பாலீர்ப்பாளர் என்பதை வைத்துப் பேட் பிரெயின்ஸ் அவர்களோடு மோதியது. அங்கே மேடை பகிர்ந்துகொண்டவர்கள் பிக் பாய்ஸ். பங்க் வட்டாரமே இதில் பிளந்தது. ஒருமுறை நடந்த தவறு என்று தள்ளவும் முடியாது. 1989இல் 'குயிக்னஸ்' ஆல்பத்தில் எய்ட்ஸை வைத்துத் தன்பாலீர்ப்பாளர்களைச் சாடும் பாடல் ஒன்றே உண்டு. எய்ட்ஸ் அந்த மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றுகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பின்னாளில் டேரில் ஜெனிஃபர், அது இளமையின் அறியாமை என்ற விதத்தில் பேட்டிகளில் பேசினார். அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அந்தப் பாடல் ஆல்பத்தில் வந்தது வந்ததுதான்.

ஒடுக்கப்பட்டவர் இன்னொருவரை ஒடுக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டுதானே நாமும் இயக்கத்துக்குள் வந்தோம்? நம் கூட்டங்களில் பெண் தோழர்கள் பேசும்போது கைபேசியைப் பார்க்கும் மூத்தவர்களை நாம் பார்த்ததில்லையா? "அவர் எவ்வளவு அடி வாங்கியவர் தெரியுமா" என்று அவர்களுக்காக வாதாடியதும் நாம்தான். அன்று அந்தத் தோழரிடமும் எங்களில் சிலர் அதையேதான் சொன்னோம். இதைத் திரும்ப நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. ஒருவர் பட்ட அடிக்கு, அவர் கொடுத்த அடியைக் கழித்துக்கொள்ளும் கணக்கு கிடையாது. இரண்டும் தனித்தனிப் பக்கங்கள்.

அதற்காக அவர்களைக் கேட்காமல் விட்டால் நடப்பது என்ன? ஹார்ட்கோர் வரலாற்றில் இருக்கும் ஒரு கறுப்பு அத்தியாயம் கிழிந்துபோகும். மிச்சமிருக்கும் வெள்ளைக் குழுக்களின் ஆபாசங்களை யாரும் இவ்வளவு கவனமாகத் தேடுவதில்லை. 2003இல் ஜேம்ஸ் ஸ்பூனர் எடுத்த 'ஆஃப்ரோ பங்க்' ஆவணப்படத்தில், வெள்ளைக் கூட்டத்தில் ஒற்றைக் கறுப்பு முகமாக நின்ற இளைஞர்கள் பேசுகிறார்கள். அப்படி நின்றவர்களுக்கு இந்தக் குழு இருந்தது என்பதே மூச்சுவிடும் இடம். அந்த இடத்தையும் நாம் பறிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் கூடுகிறோம். முதலில் 1982 கேசட். பிறகு 1989 பாடலைப் பற்றிப் பேச்சு, பாடல் ஒலிக்காது. கடைசியாக 2012 ஆல்பம், முழுவதும். இந்த வரிசையை வகுத்தவர் வெளியில் நிற்பேன் என்ற அதே தோழர்தான். பேச்சைத் தொடங்கப்போவதும் அவரே. நல்ல ஸ்பீக்கர் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், எங்களுடையதில் பேஸ் சரியாகக் கேட்பதில்லை.