‘லண்டன்’ என்றொரு குடில்: கரிசல்காட்டு மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் நடுவே கிடக்கிற கரிசல் ஊர்களின் பெரியவர்களுக்கும், மதினிமாருக்கும், மாப்பிள்ளைமாருக்கும், கூடப் படித்த சேக்காளிகளுக்கும்,

இதை எழுதுகிறவன் உங்கள் பிள்ளை. பிழைப்புக்காக இங்கிலாந்துக்கு வந்தவன். இப்போது ஹார்ட்ஃபர்ட்ஷயரில் குடியிருக்கிறான். கோடை வந்தால் ஓர் எழுத்தாளர் வீட்டுக்குப் போய்வருவது இவனுக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டைப் பற்றி உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் இந்த மடல்.

வீத்தாம்ஸ்டெட்டில் இறங்கி, வயல்வரப்பையும் வேலியோரத்தையும் பிடித்து மூன்று கிலோமீட்டர் போல நடந்தால் அயட் செயின்ட் லாரன்ஸ் வரும். பாதி இடிந்த பழைய தேவாலயம், ஒரு மதுக்கடை, கொஞ்சம் வீடுகள். ஊர் அவ்வளவுதான். பாதிரியாருக்கென்று 1902இல் கட்டிய சிவப்புச் செங்கல் வீடு ஒன்று அங்கே இருக்கிறது. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் அவர் மனைவி சார்லட்டும் 1906இல் அதில் வாடகைக்குக் குடிவந்தார்கள். 1920இல் விலைக்கே வாங்கினார்கள். ஷாவும் ஊரைவிட்டு வந்தவர்தான். 1876இல் இருபது வயது நிறையும் முன்பே டப்ளினிலிருந்து கிளம்பி லண்டன் வந்தவர்.

மூன்றரை ஏக்கர் தோட்டத்தின் கடைக்கோடியில் பலகையால் ஆன சின்னக் குடில் ஒன்று நிற்கிறது. நம்ம ஊர்க் காவல் குடிசையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவே. உள்ளே ஒரு மேசை, பிரம்பு நாற்காலி, தட்டச்சுப் பொறி, தொலைபேசி. குடிலுக்கு அடியில் சுழலும் அமைப்பு இருக்கிறது. வெயில் நகர நகரக் குடிலைத் தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். வேண்டாத ஆள் தேடி வந்தால் வீட்டில் இருப்பவர்கள் “ஐயா லண்டனில் இருக்கிறார்” என்று பொய் கலக்காமல் சொல்லிவிடுவார்கள். குடிலின் பெயரே ‘லண்டன்’!

காலையில் அந்தக் குடிலில் எழுத்து. மற்ற நேரத்தில் விறகு அறுப்பது, மரத்துக்குக் கவாத்து வெட்டுவது, கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவது. ஊர்சுற்றுவதில் அவருக்குப் பழைய ஆசை உண்டு. 1895இல் சைக்கிளில் போகையில் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சைக்கிளோடு மோதி விழுந்தார். ரஸ்ஸலின் சைக்கிள் நொறுங்கிப்போனதால் அவர் ரயிலேற வேண்டியதாயிற்று. ஷா எழுந்து தன் சைக்கிளிலேயே போய்விட்டார். ஐம்பது தாண்டிய பிறகு கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார். தொண்ணூறு தாண்டியும் தான் எடுத்த படங்களோடு அயட் ஊருக்குச் செய்யுளில் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். நோபல் பரிசு பெற்ற ஒருவர், நாலு தெரு உள்ள ஊரின் மூலைமுடுக்கையெல்லாம் படம்பிடித்துப் பாட்டுக் கட்டியிருக்கிறார். அதை நினைத்தாலே இவனுக்கு நெஞ்சு நிறைகிறது.

1950 செப்டம்பரில் மரத்தைக் கழித்துக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. நவம்பர் 2 அன்று, தொண்ணூற்று நாலாவது வயதில் காலமானார். அவருடைய சாம்பலையும் முன்பே இறந்துவிட்ட சார்லட்டின் சாம்பலையும் கலந்து அந்தத் தோட்டத்துப் பாதையிலேயே தூவினார்கள். வீட்டை 1944இலேயே, பழைய இடங்களைக் காத்துவரும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார்.

இவன் உங்களிடம் சொல்ல வந்தது இனிமேல்தான். ஜூலை 26 ஷாவின் பிறந்தநாள். அதை ஒட்டி வீட்டின் பின்பக்கப் புல்தரையில் அவர் நாடகங்களைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கிறார்கள். திரையும் கிடையாது, கூரையும் கிடையாது. அவர் புழங்கிய வீடே பின்னணி. பார்க்க வருகிறவர்கள் மடக்கு நாற்காலியும் கட்டுச்சோறும் கொண்டுவருகிறார்கள். இங்கே ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் நாடகம் பெரும்பாலும் பகலிலேயே நடப்பதுபோல இருக்கும். விடிய விடிய பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. திறந்தவெளி ஷாவுக்கும் புதிதில்லை. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் 1932இல் தொடங்கிய திறந்தவெளி அரங்கில்தான் அவருடைய குறுநாடகம் ஒன்று 1934இல் முதன்முதலாக மேடையேறியது.

புல்தரையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இவன் மனசு இடைசெவலுக்குப் போய்விடுகிறது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, 1923. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஒரே செப்டம்பரில் ஒருவார இடைவெளியில் அங்கே பிறந்தார்கள். இருவரும் சாகித்திய அகாதமி விருது பெற்றவர்கள். கி.ரா.வுக்குக் கோவில்பட்டியில் அரசு நினைவரங்கம் எழுப்பியிருக்கிறது, நல்ல காரியம். ஆனால் அவர்கள் எழுதிய சனங்கள் நடமாடியது களத்துமேட்டிலும் சாவடியிலும் அல்லவா? அந்த இடங்களிலேயே அந்தக் கதைகளை நடித்துப் பார்த்தால் என்ன?

நமக்கு நாடகம் இரவல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி நம்ம மாவட்டம்தான். வில்லுப்பாட்டுக்காரர்கள் இன்னும் கொடைக்குக் கொடை வருகிறார்கள். புரட்டாசி மழைக்கு முன்னால் களமெல்லாம் சும்மாதான் கிடக்கும். பிறந்தநாள்களும் அந்த நேரத்தில்தான் வருகின்றன. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதைக்கு நாலைந்து பிள்ளைகள் வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே நடிக்கலாம். கி.ரா.வின் ‘கதவு’ கதையில் பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ்ஸாக்கி ஏறி ஆடுவார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வீட்டுக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல நம்மூர்க்காரர்களுக்கு யாரும் தேவையில்லை.

முதல் வருஷம் ‘கதவு’ போடுங்கள். செலவில் தன் பங்கை இவன் அனுப்பிவைப்பான். செப்டம்பரில் விடுப்புப் போட்டு வரவும் உத்தேசம். பழைய வீட்டைப் பிரித்தபோது கழற்றிய தலைவாசல் கதவு இவன் வீட்டு மாட்டுத்தொழுவில் சாத்திவைத்தபடி இருக்கிறது. ஒற்றைக் கதவு, வேப்பம்பலகை. நாலு பிள்ளைகள் தொத்தி ஏறினாலும் தாங்கும். ஆத்தாவிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஹார்ட்ஃபர்ட்ஷயரிலிருந்து உங்கள் ஊர்ப்பிள்ளை