பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்

நாம் வாழும் நிலத்தின் பெயரே ஒரு பலபொருள் ஒருசொல். வன்னி என்பது ஒரு மரத்தின் பெயர், நெருப்பின் பெயர், நம் பெருநிலப்பரப்பின் பெயர். முல்லைத்தீவில் நிற்கும் முல்லை, கொடியையும் பூவையும் காடு சார்ந்த நிலத்தையும் அந்நிலத்துக்குரிய அகவொழுக்கத்தையும் உணர்த்தும். கிளிநொச்சியில் நிற்கும் நொச்சி ஒரு செடி. மதில் காக்கும் மறவர் சூடிய பூவாகி, அக்காவல் தொழிலுக்கும் பெயராயிற்று. இவற்றுள் எப்பொருளை எவ்விடத்திற் கொள்வது என்பதில் நம்மவர்க்கு இடர்ப்பாடு இல்லை. வன்னிக்குப் பேருந்து எப்போது என்று வினவுவானை, நெருப்பினுள் செல்ல வழி கேட்கின்றான் என்று எவரும் கருதார். ஆயின், நம் மொழியறியாதார் ஒருவர் அகராதியொன்றையே துணையாகக் கொண்டு அச்சொல்லை நோக்குவாராயின் யாது செய்வார்? ஆங்கேதான் இடர் தொடங்குகின்றது.

இவ்விடரைத் தொல்காப்பியர் நன்கறிந்திருந்தார். சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் அவர் பலபொருள் ஒருசொல்லை இரு கூறாக்கினார். உடன்வரும் வினையாற் பொருள் வேறுபட்டு விளங்குவன ஒரு கூறு. அங்ஙனம் விளங்காதன மற்றொரு கூறு. முன்னையவற்றின் பொருளை வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்றார். உரையாசிரியர் காட்டும் மா என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மா பூத்தது எனின் அது மரம். பூத்தல் என்னும் வினை அதனைக் காட்டிற்று. மாவும் மருதும் ஓங்கின எனினும் மரமே. இனமாகிய மருது காட்டிற்று. கவசம் பூண்டு நிற்பான் ஒருவன் மா கொண்டுவா எனின் அது குதிரை. அவன் நின்ற நிலையாகிய சார்பு காட்டிற்று. மா வீழ்ந்தது எனின் என் செய்வது? மரமும் வீழும், விலங்கும் வீழும். இத்தகைய இடத்தில், தான் குறித்த பொருளைச் சொல்வோனே வெளிப்பட விளக்கிச் சொல்லுதல் வேண்டும் என்பது ஆசிரியர் விதி. மொழிபெயர்ப்போன் ஒருவன் சொன்னதை மறுமுறை சொல்வோன் ஆதலின், இவ்விதி அவனையும் கட்டும் என்பது என் கருத்து.

பண்டித வகுப்பிலே இவ்விதியைப் பல்லாண்டு பயிற்றிவரும் யான் இன்று பிரெஞ்சு மொழியைப் பற்றிப் பேசப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். காரணம் நம் வீட்டு வாயிலிலேயே உள்ளது. 1983க்குப் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் நம்மவர் பலர் பிரான்சு நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். பாரிஸ் நகரில் ஓர் உறவினரேனும் இல்லாத ஊர் இன்று வன்னியிற் காண்டல் அரிது. அங்கிருந்து வரும் பிறப்புப் பதிவும் திருமணப் பதிவும் வழக்குத் தாளும் பிரெஞ்சு மொழியில் உள்ளன. அம்மொழி அறிந்தார் நம்மிடையே மிகச் சிலர். ஆதலின் அத்தாள்கள் பெரும்பாலும் முதலில் ஆங்கிலமாகிப் பின்னரே தமிழாகின்றன. இவ்வாறு இரண்டு படி இறங்கிவரும்போது பொருள் என்னாகின்றது? பாரிசில் வாழும் என் பழைய மாணாக்கர் சிலரைத் துணைக்கொண்டு சில சொற்களை ஆராய்ந்து பார்த்தேன்.

பிரெஞ்சு மொழியில் தாம் என்றொரு சொல் உண்டு. அது காலத்தையும் குறிக்கும். மழை, வெயில் என்னும் வானிலையையும் குறிக்கும். த்ருவா என்பது சட்டம், உரிமை, நேர், வலம் என நாற்பொருள்படும். லாங்க் என்பது நாக்கும் மொழியும் ஆம். நம் நா என்ற சொல்லும் உறுப்பையும் அதன் பேச்சையும் ஒருங்கே சுட்டுதல் காண்க. வோலே என்ற வினை பறத்தலும் திருடுதலும் ஆம். ஓத் என்னும் சொல்லோ விருந்தினனையும் குறிக்கும். அவனை ஓம்புவோனையும் குறிக்கும். ஃபாம் என்பது பெண், மனைவி என இருபொருள் தரும். ஃபீய் என்பது சிறுமி, மகள் என இருபொருள் தரும். ஆங்கிலம் இவற்றுட் பலவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை உடையது. ஆதலின் ஆங்கிலத்தில் எழுதுவோன் ஒரு பொருளைத் தேர்ந்தே ஆகல் வேண்டும். அவன் தேர்ந்தது பிழையாயின், அவ்வாங்கிலத்தை மட்டும் காணும் தமிழ் மொழிபெயர்ப்பாளன் அப்பிழையை அறிவதற்கு வழியே இல்லை. மூலச்சொல்லின் ஏனைப் பொருள்கள் அவன் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன.

இதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. பிரெஞ்சிலும் தமிழிலும் உள்ள வேறுபாடுகள் சில ஆங்கிலத்தில் இல்லை. முன்னிலையில் ஒருவரை அழைக்கும்போது பிரெஞ்சு மக்கள் த்யூ என்றும் வூ என்றும் இருவகையாகச் சொல்வர். முன்னையது நம் நீ; பின்னையது நம் நீங்கள். நம் நீங்கள் பன்மைக்கும் மதிப்புக்கும் பொதுவாய் நிற்றல் போலவே வூ என்பதும் நிற்கின்றது. இவ்விரு மொழியும் ஒத்து நிற்கும் இவ்விடத்தில் ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் அடக்கிவிடும். தாய்க்கு மகன் எழுதியதும் அலுவலர் குடிமகனுக்கு எழுதியதும் அங்கே ஒரு தன்மையவாகும். அவ்வாறே குசேன் என்பது ஆண்பால். குசீன் என்பது பெண்பால். ஆங்கிலச் சொல் பால் காட்டாது. பிரெஞ்சுத் தாளில் பெண்ணென்று தெளிவாக இருந்தவள் ஆங்கிலத்திற் பாலிழந்து, தமிழில் மைத்துனன் என ஆணாகவும் கூடும். மூலத்தில் இல்லாத மயக்கத்தை இடையிலிருந்த மொழி உண்டாக்கிற்று.

முறைப்பெயர்கள்தாம் நம்மவர்க்கு மிகுந்த தொல்லை தருவன. பெல்-மேர் என்னும் பிரெஞ்சுச் சொல் மாமியாரையும் குறிக்கும். தந்தை மறுமணஞ் செய்த சிற்றன்னையையும் குறிக்கும். வழக்குத் தாளொன்றில் அச்சொல் வருமாயின் எவரைக் கொள்வது? ஆங்குத் தொல்காப்பியர் சொன்ன சார்பே துணை. அத்தாளில் உள்ள ஏனைப் பெயர்களையும் ஆண்டுகளையும் நோக்கியே துணிதல் வேண்டும். தமிழிலிருந்து பிரெஞ்சுக்குச் செல்லும்போதும் இதுவே நிலை. மச்சான் என்று நாம் சொல்வது மாமன் மகனை, அத்தை மகனை, மனைவியின் உடன்பிறந்தானை, உடன்பிறந்தாள் கணவனை. சில வேளைகளில் நண்பனையும் அவ்வாறே அழைக்கின்றோம். பெரியப்பா மகனை அண்ணன் என்றே சொல்கின்றோம். வேறு சொல் நமக்குத் தேவைப்பட்டதில்லை.

பிரான்சில் அகதிகளுக்கும் நாடற்றோருக்கும் உரிய காப்பு அலுவலகம் 1952இல் நிறுவப்பட்டது. அடைக்கலம் கேட்போர் அங்கே மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தம் வரலாற்றைக் கூறுகின்றனர். பெரியப்பா மகனை அண்ணன் என்று ஒருவர் கூறுகின்றார். ஓரிடத்தில் அது உடன்பிறந்தான் என்று பெயர்க்கப்படுகின்றது. பிறிதோரிடத்தில் பெரிய தந்தையின் மகன் என்று பெயர்க்கப்படுகின்றது. சொன்னவர் மெய்யே சொன்னார். ஆயினும் இரு தாளையும் ஒருங்கு வைத்துப் படிக்கும் பிரெஞ்சு அலுவலர்க்கு அவை முரணாகத் தோன்றுமன்றோ? முறைப்பெயர் ஒன்று விளக்கமின்றிப் பெயர்க்கப்பட்டமையால் ஒருவரது வாழ்க்கை வரலாறே ஐயத்துக்கு உள்ளாதல் எத்துணைக் கொடிது!

பிரெஞ்சும் தமிழும் இடையீடின்றி உறவாடிய காலம் ஒன்றிருந்தது. புதுச்சேரியில் துய்ப்ளேக்சு ஆளுநராயிருந்தபோது துபாசியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் தம் இறுதிக்காலமாகிய 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். துபாசி என்ற சொல்லே இருமொழியாளன் என்னும் பொருளது. மூன்றாம் மொழிக்கு அங்கே இடமில்லை. புதுச்சேரியில் மூசே, துய்ப்புய் என்னும் பாதிரிமார் தமிழ் பிரெஞ்சு அகராதியொன்றைத் தொகுத்து, முதற் பகுதியை 1855இலும் இரண்டாம் பகுதியை 1862இலும் வெளியிட்டனர். அதே 1862இல் சென்னையில் வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி வெளிவந்தது. அதற்கான தொகுப்புப்பணி நம் யாழ்ப்பாணத்திலே தொடங்கியது. இரண்டும் ஒரே ஆண்டில் நிறைவெய்தியும், ஆங்கில அகராதியே நம் கைக்கு வந்தது. பிரெஞ்சு அகராதியை நம்மிற் பெரும்பாலார் கண்டதுமில்லை. நம்மை ஆண்டவர் மொழி ஆங்கிலம் ஆதலின் அன்று அஃது இயல்பே. இன்று நம் பிள்ளைகள் வாழும் நாட்டின் மொழியை இன்னொருவர் மொழியின் வாயிலாகவே அறிவோம் என்பது இயல்பாகாது.

ஒரு சிறு சொல் நாடுகளையே வழக்காட வைத்ததும் உண்டு. 1967 நவம்பர் 22 அன்று ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 242ஆம் தீர்மானம், போரிற் கைப்பற்றிய நிலங்களிலிருந்து இஸ்ரேலியப் படைகள் விலகல் வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் நிலங்கள் என்ற சொல்லுக்கு முன் சுட்டு இல்லை. சில நிலங்கள் என்று கொள்ள அஃது இடந்தரும் என்றனர் ஒரு சாரார். பிரெஞ்சு வாசகத்தில் தே என்னும் சொல் நின்றது. அந்நிலங்கள் அனைத்தும் என்பதே அதன் பொருள் என்றனர் மறு சாரார். அச்சொல் பிரெஞ்சில் வேறு பொருளுக்கும் இடந்தருவது. அரை நூற்றாண்டு கடந்தும் அவ்வழக்கு ஓயவில்லை.

இனி, நம் நெஞ்சுக்கு மிக அணித்தான சொல்லொன்றைக் கூறுவேன். திஸ்பாரு என்னும் பிரெஞ்சுச் சொல் காணாமற்போனவரைக் குறிக்கும். இறந்தாரை மங்கல வழக்காகச் சுட்டவும் அச்சொல்லே ஆளப்படும். நம் மறைந்தார் என்ற சொல்லும் அத்தகையதே: கண்ணுக்குப் புலனாகாது போனார் என்பதும் அதன் பொருள், உயிர் நீத்தார் என்பதும் அதன் பொருள். வன்னியில் இவ்விரு பொருளுக்கும் இடையே உள்ள தூரம் எத்துணை என்பதை யான் எடுத்துரைத்தல் வேண்டா. திஸ்பாரு என்றெழுதிய தாளொன்று ஆங்கிலத்தில் இறந்தவர் என்றாகித் தமிழுக்கு வருமாயின், தேடிக்கொண்டிருக்கும் தாயொருத்திக்கு அது மரணச் செய்தியாகிவிடும். மூலம் எழுதியவனோ அவ்வாறு சொல்லவேயில்லை.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தம் பிள்ளைகளைக் கேட்டு அமர்ந்த தாய்மார், காணாமற்போனோர் என்ற சொல்லை ஏற்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோர் என்றே சொல்லல் வேண்டும் என்றனர். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்ட அலுவலகமோ காணாமற்போன ஆட்கள் என்றே பெயர் தாங்கிற்று. இலக்கணம் பயின்றோர் இவ்விரண்டையும் உற்று நோக்குக. போதல் தன்வினை, போனவன் தானே போனான் என்பதற்கும் அஃது இடந்தரும். ஆக்கப்படுதல் செயப்பாட்டுவினை, ஆக்கியவன் ஒருவன் உளன் என்பதை அது மறைத்துவைக்காது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்று, 2007 பெப்ரவரியில் பாரிசில் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட உடன்படிக்கையும் இதனையே செய்தது. திஸ்பாரு என்பதோடு இனமான பெயர்ச்சொல்லைத் தனியே விடாது, வலிந்து செய்யப்பட்ட என்னும் அடைகொடுத்தே அவ்வுடன்படிக்கை பிரெஞ்சில் அதனை வழங்குகின்றது. இலங்கையும் 2016இல் அதனை ஏற்று, 2018இல் சட்டமாக்கிற்று. குறித்த பொருளைத் தெரித்துச் சொல்க என்ற விதியை, ஏட்டைத் தொடாத அத்தாய்மார் கடைப்பிடித்து நிற்கின்றனர். ஏட்டைப் பயிற்றும் நாம் அவர்க்குப் பின்னிற்றல் தகுமா?

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கிய மன்றத்தார்க்கும் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். பலபொருள் ஒருசொல் பற்றிய நூற்பாக்களைப் பயிற்றும்போது மாவோடு நின்றுவிடாது, மாணாக்கர் தம் வீட்டுக்கு வந்த கடிதங்களிலும் தாள்களிலும் உள்ள சொற்களையும் எடுத்துக்காட்டாக ஆளுக. மொழிபெயர்ப்பாளர், ஐயத்துக்கிடமான சொல் வருமிடத்து, தாம் கொண்ட பொருளோடு மூலச்சொல்லையும் அருகே எழுதுக. மச்சான், அண்ணன் போன்ற முறைப்பெயர்களை எவர் மகன், எவர் கணவன் என விரித்தெழுதுக. ஈழத்து முறைப்பெயர்களுக்கும் பதிவுத் தாள்களில் வரும் சொற்களுக்கும் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழ் கூறும் கையேடொன்றை, இங்குள்ள தமிழாசிரியரும் பாரிசில் வளர்ந்த நம் இளைஞரும் கூடித் தொகுப்பாராக. அவர்க்குப் பிரெஞ்சு தெரியும். நமக்கு வழக்குத் தெரியும். நூறு பக்கத்துச் சிறு நூலாயினும் அமையும். நம் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருளுக்கென்றே அமைந்தது. அதனைத் திண்ணையில் இருந்து மனனஞ் செய்த மரபினர் நாம். அம்மரபுக்கு இப்பணி புதிதன்று. இவ்வாண்டே தொடங்குவோமாக.