பனிக்கட்டிச் சாலையும் நாற்சக்கர இயக்கமும்

கோலார் தங்கவயல் மக்கள் பரம்பரையாக அறிந்தது வெப்பமே. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்ட அவ்வூர்ச் சுரங்கங்கள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றவை. அடியில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஆயினும் இமயத்துப் பனியோடு இவ்வூருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1964-இல் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், ஊரார் மொழியில் 'பெமல்', இங்கே புல்டோசர்களைச் செய்து வருகிறது. மலைக் கணவாய்களில் பனியை அகற்றி வழி திறக்கும் எல்லைச் சாலைகள் அமைப்பு இத்தகைய இயந்திரங்களைப் பயன்படுத்துகிறது.

புல்டோசர் திறந்த வழியில் அடுத்து வருவது ஜீப்பு. அதை ஓட்டுபவர் பெரும்பாலும் பனியே காணாத சமவெளியில் பயின்றவர். நான்கு சக்கரங்களையும் எஞ்சின் இயக்கும் வண்டி எவ்விடத்தும் அஞ்ச வேண்டாதது என்ற எண்ணம் அவரிடம் வேரூன்றியிருக்கிறது. இவ்வெண்ணம் பாதி மெய், பாதி ஆபத்து. நாற்சக்கர இயக்கம் வண்டி புறப்படவும் மேடேறவும் உதவும், நிறுத்துவதற்கு அன்று. சாதாரணக் காரிலும் பிரேக்கு நான்கு சக்கரங்களிலும்தானே இருக்கிறது!

உராய்வுக் குணகம் உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 0.7, பனிக்கட்டியின் மேல் 0.1 அளவே. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கு பிடித்த பின் உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் 60 மீட்டருக்கு மேல் வழுக்கிச் செல்லும். வேகத்தைப் பாதியாக்கினால் அத்தூரம் நான்கில் ஒரு பங்காகும். இது சமதளத்துக் கணக்கு. பத்து அடிக்கு ஓரடி இறங்கும் சரிவிலோ, கீழிழுக்கும் விசையும் உராய்வும் ஏறக்குறைய சமமாகிவிடும். எவ்வளவு அழுத்திப் பிரேக்கு பிடித்தாலும் வண்டி நிற்காது. கணவாய்ச் சாலைகளில் இத்தகைய சரிவுகள் அரியவை அல்ல. தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும், திடீரெனப் பிரேக்கையோ திருப்புச் சக்கரத்தையோ கையாளலாகாது, நான்கு டயர்களுக்கும் சங்கிலி பூட்ட வேண்டும் என்னும் விதிகளுக்கு அடிப்படை இக்கணக்கே. புல்டோசரின் எஃகுத் தடத்திலுள்ள வரம்புகள் பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. டயர்ச் சங்கிலி செய்வதும் அதே வேலையைத்தான்.

விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் ஓட்டுநர், முதல் சரிவில் அவற்றை மறந்துவிடுகிறார். காரணம் தெரிந்தவர் மறப்பதில்லை. ஆகவே இப்பயிற்சி மலையில் அன்று, பள்ளிக்கூடத்தில் தொடங்குவதே முறை. அங்கே ஒரு பழைய பிழையும் நீக்கப்பட வேண்டியிருக்கிறது. அழுத்தத்தால் பனிக்கட்டி உருகுவதாலேயே அது வழுக்குகிறது என்ற விளக்கம் இன்னும் பல வகுப்புகளில் சொல்லப்படுகிறது. உருகுநிலையை 1 டிகிரி தாழ்த்த ஏறத்தாழ 135 வாயுமண்டல அழுத்தம் தேவை. ஜீப்பின் டயர் தருவதோ இரண்டு மூன்று வாயுமண்டலம். அதனால் உருகுநிலை ஒரு டிகிரியில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தெளிவாக மாறுவதில்லை. பனிக்கட்டியின் மேற்பரப்பில் இயல்பாகவே மெல்லிய நீர் போன்ற படலம் உண்டு எனப் பாரடே 1850-இலேயே கருதினார். உராய்வின் வெப்பம் மேலும் உருக்குகிறது என்பதை 1939-இல் பௌடனும் ஹியூஸும் காட்டினர். உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டியே மிகவும் வழுக்கும். கடுங்குளிரில் வழுக்கல் குறையும். ஆதலால், விடியற்காலைக் குளிரைவிட வெயிலேறி மேற்பரப்பு நனையும் முற்பகலையே ஓட்டுநர் அதிகம் அஞ்ச வேண்டும்.

இதைக் காட்ட இமயம் செல்ல வேண்டியதில்லை. மீன் கடைக்கு வரும் பனிக்கட்டிப் பாளம் ஒன்று, ரப்பர்த் துண்டு ஒட்டிய செங்கல், ஒரு வில் தராசு ஆகியவை போதும். செங்கல்லைச் சிமெண்டுத் தரையிலும் ஈரம் துடைத்த பாளத்திலும் நீர் கசியும் பாளத்திலும் இழுத்து, தராசு காட்டும் எண்களை மாணவர்களே கரும்பலகையில் எழுதட்டும்.